புள்ளி வைக்கும் கை

செவ்வாய் இரவு வனடேட் ஊற்ற மறந்துவிட்டேன்,
அவ்வளவுதான்.
வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்து நான்கு.
மெக்டெர்மட் அவென்யூப் பேருந்துகளின் கண்ணாடியில்
உள்ளிருந்தவர்களின் மூச்சு உறைந்திருந்தது.
இருட்டறைச் சிவப்பு விளக்கில்
தூக்கிப் பிடித்த படலத்தில் ஒன்றுமில்லை.
பூஜ்யம் நிமிடம், ஐந்து, பதினைந்து, அறுபது,
எல்லாக் கட்டத்திலும்
கழுவிய தரைபோல் ஒரே சாம்பல்.

டைரோசின் கைனேஸ், புள்ளி வைக்கும் கை.
புரதமென்ற நெடிய வரியில்
சில எழுத்துகளின் தலையில் மட்டும்
ஒரு பாஸ்பேட்டை வைத்துவிட்டு நகரும்.
க, க் ஆகும்.
வாய் திறந்து சொன்னது
தொண்டையில் நின்று வேறொன்றாகும்.
பின்னாலேயே இன்னொரு நொதி வரும்,
வைத்த புள்ளியையெல்லாம் துடைத்துக்கொண்டு.
அதன் கையைக் கட்டத்தான் வனடேட்.
கட்ட மறந்தேன்.
ஓலை கிழியுமென்று
புள்ளி குத்தாமல் விட்ட பழைய ஏடு மாதிரி
மிஞ்சியது இந்தப் படலம்.
எது மெய், எது உயிர்மெய்,
ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.
ஊகத்தை யார் அச்சிடுவார்கள்?

மரிசெல் திட்டவில்லை.
மஞ்சள் கரைசலைக் கொதிக்கவைத்து
நிறம் முழுக்கப் போகும்வரை பக்கத்தில் நின்றாள்.
ஆறியதும் மறுபடி மஞ்சளானது.
மறுபடி கொதிக்கவைத்தாள்.
குப்பியில் என் பெயரை எழுதி ஒட்டினாள்,
தப்பாக.

எங்கள் செல்கள்
ஏதோ ஓர் எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்தவை.
உருண்டை. பிரிவது ஒன்றுதான் தெரியும்.
அவற்றுக்கு நாங்கள் ஊற்றுவது இரண்டு காரணிகள்.
தட்டும் கதவு வேறு,
உள்ளே எழுப்பிவிடும் ஆட்கள் அநேகமாக ஒன்றே.
முதலாவது தட்டிவிட்டுப் போய்விடும்:
ஐந்தாம் நிமிடத்தில் கருகருவென்று ஒரு பட்டை,
அறுபதில் அதன் நிழல்கூட இல்லை.
செல் இரண்டாகும், நாலாகும்.
இரண்டாவது, சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வடித்தது,
போகாது.
இரண்டு மணி நேரம் கழித்தும்
தட்டிக்கொண்டே நிற்கும்.
அப்போதுதான் செல்லுக்குச் சந்தேகம் வரும்,
தான் நரம்போ என்று.
பிரிவதை நிறுத்தும்.
ஓரத்தில் ஒரு முனை புடைக்கும்.

இதிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் எடுக்காதே
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
விரலில் டெவலப்பர் நாற்றத்தோடு.

மறுவாரப் படலத்தில் பட்டைகள் வந்தன.
நூற்று நாற்பதாயிரம் எடையில், இருக்க வேண்டிய இடத்தில்.
மரிசெல் அதை ஜன்னலில் ஒட்டினாள்.
வெளியே வெள்ளை, நடுவில் நாலு கருப்புக் கோடு.

ஏழாம் நாள் எண்ணினேன்,
தட்டுக்கு இருநூறு செல், கையில் டிக் டிக் கருவி.
உடலைப்போல் இருமடங்கு நீண்டிருந்தால்தான் கணக்கு.
தட்டின் விளிம்பில் ஒன்று.
சுற்றிலும் யாருமில்லை, கொலாஜன் பரப்பு மட்டும்.
ஆளில்லாத திசைக்கு ஒரு கையை நீட்டியிருந்தது,
ஒன்றரை மடங்கு.
விதிப்படி அது சேராது.
சேர்க்கவில்லை.
காரணியை நிறுத்தினால்
சில நாளில் நீட்டியதை இழுத்துக்கொண்டு
மறுபடி உருண்டையாகிவிடும் என்பதும் தெரியும்.
வெள்ளிக்கிழமை. புது ஊடகம் ஊற்றி,
இரண்டு சொட்டுக் காரணி அதிகம் விட்டேன்
(குறிப்பேட்டில் எழுதவில்லை),
தட்டின் அடியில், அது இருந்த இடத்தில்
மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன்.

திங்கள் காலை வந்தேன்.
மரிசெல், சுத்தத்தில் யாரையும் விடமாட்டாள்,
எல்லாத் தட்டையும் ஆல்கஹாலில் துடைத்து
வரிசையாக அடுக்கியிருந்தாள்.
புள்ளி இல்லை.
லென்ஸைக் குவித்தேன்.
விளிம்பெங்கும் நீண்டு கிடந்தன,
ஒன்றின்மேல் ஒன்று.
இதில் எது அது?
தட்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன்,
யாரோ இன்குபேட்டர் கதவைச் சாத்தச் சொல்லிக் கத்தும்வரை.